எட்டு மா நிலமும் ஆறு மணி ரேடியோவும்

பெருங்கோரைப் பஞ்சாயத்து ரேடியோ கரண்டும் கம்பியும் இல்லாமல் பேச ஆரம்பித்தது கார்த்திகைப் புயல் அடித்த நாலாம் நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு. அன்றைக்கு ஊரில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, விழுந்த தென்னைகளை இன்னும் அறுத்து முடிக்கவில்லை, வாய்க்கால் மதகில் செத்த மாடு ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. இத்தனைக்கும் நடுவில் ரேடியோ பேசியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது முதன்முதலில் சொன்ன வார்த்தை, "சனியனே, நீயும் போயிட்டியா?" என்பது. ரேடியோக்காரன் செல்லத்துரை காலையில் அதன் மேல் படிந்திருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துச் சொன்னது அது. அவன் குரலிலேயே, அவன் சலிப்போடேயே கிழக்குத் தெரு முழுக்கக் கேட்டது. ரேடியோவையே வைகிறானே இவன் என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அது ஒரு மரப்பெட்டி ரேடியோ. பஞ்சாயத்து ஆபீஸ் அறைக்குள் பெட்டி, வாசலில் நட்ட கம்பத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குழாய் மேலத்தெருவைப் பார்த்தே இருந்தது. மேலத்தெருவில் மிராசுதார் குஞ்சிதபாதத்தின் வீடும் அவர் பங்காளிகள் வீடும் இருந்தன. கிழக்குத் தெருவில் அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற முப்பத்தேழு குடும்பம் இருந்தது. கீழ்த்திசைக்காரர்களுக்குக் காற்று அடித்தால் பாதிப் பாட்டு, அடிக்காவிட்டால் குழாயின் முதுகு. புயல் வந்து வீடுகளின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, போகிற போக்கில் குழாயைக் கிழக்கே திருப்பிவிட்டுப் போயிற்று. மிராசுதார் சொல்லி நாலு ஆள் ஏறிக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஒரு விரல்கடை நகரவில்லை. லைன்மேன் வந்து பார்த்தார். கம்பி அறுந்திருக்கிறது, கரண்ட் கிடையாது, ஆகவே இது பேசவில்லை என்று எழுதிக்கொண்டு, அது பேசிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

செல்லத்துரையின் வேலை ஆறு மணிக்கு ரேடியோவைப் போடுவது, ஒன்பது மணிக்கு நிறுத்துவது. அவ்வளவுதான். ஆனாலும் ஐந்தரைக்கே குளித்து, துவைத்த சட்டை போட்டு, ஜில்லா கலெக்டர் மாதிரி நடந்து வருவான். அவனும் கிழக்குத் தெருக்காரன்தான். தாயில்லாத பிள்ளை, வளர்த்ததெல்லாம் அக்கா ராமாயி. அவள் புருஷன் பாம்பு கடித்துப் போன பிறகு, மிராசுதாரின் நடுக்கண்டம் எட்டு மாவை அவளே ஆள் வைத்து உழுது, நட்டு, அறுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மா என்பது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அதை விட்டால் அவளுக்கு ஒரு ஆடு, ஒரு தம்பி.

ரேடியோவின் குணம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. பகலில் அதன் முகத்துக்கு நேராக யார் எதைச் சொன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் குழாயில் வரும். சரி, சொந்தமாக ஒரு நிலையம் வந்துவிட்டது, அதில் என்னதான் போடுவது என்று மதகடியில் கூட்டம் போட்டார்கள். முதலில் முறைத் தண்ணீர் கேட்டார்கள்: இன்றைக்கு எந்த மதகு திறப்பு, யார் வயலுக்கு முதல் பாய்ச்சல். அப்புறம் காணாமல் போன ஆடு மாடு. நாகப்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு பத்து மணி பஸ்ஸில் வருகிற எல்லையம்மாள், கடல் சமாச்சாரம் நான் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கு அலை எப்படி, என்ன மீன் பட்டது, எந்த வள்ளம் கரை திரும்பவில்லை, அதில் போனவர்கள் பேர் என்ன என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். நடவுப் பெண்கள் கேட்டது வேறு. "எங்களுக்கு ஒரு கால் மணி நேரம் வையறதுக்குக் குடுங்க. யாரு எவருன்னு கேக்கக் கூடாது" என்றார்கள். கொடுத்தார்கள். பெருங்கோரையில் அதிகம் பேர் கேட்ட நிகழ்ச்சி அதுதான். அந்த நேரத்தில் பால் கறக்கப் போனவனும் செம்போடு நின்று கேட்டான். கடைசியாக, பண்ணையில் அடிபட்டுச் செத்தவர்கள் பேரைச் சொல்ல வேண்டும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்கள். பேர்களைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் போதவில்லை.

இன்னொரு குணமும் சீக்கிரமே தெரிந்தது. ஒரு நாள் முறை தப்பித் தண்ணீர் திருடிய ஒருவன், நான் மதகைத் தொடவே இல்லை என்று ரேடியோவிடம் வந்து சத்தியம் செய்தான். சாயங்காலம் அவன் குரல் வர வேண்டிய இடத்தில் தவளைச் சத்தம் வந்தது. மழை விட்ட வயலில் ஆயிரம் தவளை சேர்ந்து கத்துமே, அதே சத்தம். மறுநாள் இன்னொருவன் பொய், இன்னொரு தவளைக் கூட்டம். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அதுவரைக்கும் பாட்டு மட்டுமாக இருந்தது. வைகிற நேரத்தில்கூடப் பாதி தவளையாகத்தான் வந்தது. பெண்கள் கொஞ்சம் மட்டுப்படுத்திக்கொண்டார்கள். பொய் சொன்னால் தவளை, உண்மை சொன்னால் குரல். ஊர் அதைத் தராசு மாதிரி நம்பியது. நம்பினதில் என்ன தப்பு? தராசு சரியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம்தான் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. புது ஆட்சி வந்து மூன்று வருஷமாகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பேர் தாலுகா கச்சேரியில் ஏறிவிட்டால் அவனை மிராசுதார் நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பெருங்கோரையில் குத்தகை என்பது வாய்ப்பேச்சுத்தான். ரசீது கேட்டால் அடுத்த போகம் நிலம் இருக்காது. துண்டுக் காகிதம் எதுவும் இல்லாமல் தாலுகாவுக்குப் போனால் சேவகனே உள்ளே விடமாட்டான் என்று முப்பத்தேழு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது செல்லத்துரைக்கு ஒரு யோசனை உதித்தது. அதற்கு 'சாகுபடி நேரம்' என்று அவனே பேர் வைத்தான். ஒவ்வொருவரும் வந்து தன் நிலத்தின் நாலு எல்லையையும், எத்தனை காலமாக உழுகிறோம் என்பதையும் ரேடியோவிடம் சொல்ல வேண்டும். பொய்யென்றால் தவளை கத்தும். கத்தாவிட்டால் உண்மை என்று ஊரறியும்.

ராமாயிதான் முதலில் வந்தாள். தலையில் இருந்த புல்லுக்கட்டைக்கூட இறக்கவில்லை. "நடுக்கண்டம், எட்டு மா. கெழக்க சின்ன வாய்க்கா. மேற்க ஒத்தப்பனை. வடக்க கோயில் நெலம். தெக்க சுடுகாட்டுப் பாதை. எங்க மாமனாரு உழுதாரு, எம் புருஷன் உழுதாரு, பதினோரு வருஷமா நான் உழுவுறேன். ராமாயி சொல்றேன்." சாயங்காலம் அது மணி அடித்த மாதிரி வந்தது. ஒரு தவளை இல்லை. அவளுக்குப் பின்னால் முப்பத்தாறு பேர், முப்பத்தாறு நிலம். மற்ற நிகழ்ச்சியெல்லாம் அன்றன்றைக்கோடு போய்விடும். சாகுபடி நேரத்தில் சொன்னதை மட்டும் ரேடியோ விடவில்லை. மறுநாள் யாரும் சொல்லாமலே அது தானாக முப்பத்தேழையும் ஒப்பித்தது. அதற்கு மறுநாளும்.

குஞ்சிதபாதம் சும்மா இருப்பாரா? ஒரு நாள் பட்டுக்கரை வேட்டியோடு வந்து, அந்த எட்டு மாவையும் என் பண்ணையாளை வைத்து நானேதான் உழுகிறேன் என்று ரேடியோவிடம் சொன்னார். அன்று சாயங்காலம் கத்திய தவளை அதற்கு முன்னும் பின்னும் கத்தியதில்லை. கிழக்குத் தெரு விழுந்து விழுந்து சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த எவனுக்கும், மிராசுதார் மறுநாள் காலை பஸ்ஸில் தாலுகாவுக்குப் போனது கண்ணில் படவில்லை. என் நிலத்தில் குத்தகைக்காரர் யாரும் கிடையாது என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தாளுக்குக் கத்தத் தெரியாது.

இங்கேதான் பெருங்கோரை தப்புச் செய்தது. வேறு எந்த ஊரும் இப்படித் தப்புச் செய்திருக்காது, ஏனென்றால் வேறு எந்த ஊருக்கும் இப்படி ஒரு ரேடியோ இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் குழாயில் வந்தது சர்க்கார் பேச்சு. மேட்டூர் திறக்கிறது என்றது, தண்ணீர் வந்தது. ரேஷன் அரிசி என்றது, அரிசி வந்தது. அந்தக் குழாய் இப்போது தினமும் முப்பத்தேழு பேர் நிலத்தையும் சொல்கிறது என்றால், சர்க்கார் அதைப் பதிந்துகொண்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். மனுக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்க நெருங்க, பக்கத்து ஊர்க்காரர்கள் விவசாயச் சங்கத்துக்காரர்களோடு லாரி ஏறித் தாலுகாவுக்குப் போனார்கள். பெருங்கோரைக்காரர்கள் வரப்பில் நின்று, பாவம், ரேடியோ இல்லாத ஊர் என்று இரக்கப்பட்டார்கள்.

ராமாயிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "தம்பி, நாளைக்கு லாரி போவுதாம். நானும் ஒரு தாளு எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். செல்லத்துரை சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். ரேடியோக்காரன் அக்காவே ரேடியோவை நம்பாமல் தாலுகாவுக்கு ஓடுகிறாள் என்றால் ஊர் என்ன நினைக்கும்? சாகுபடி நேரம் என்ன ஆகும்? அவன் துவைத்துப் போடுகிற சட்டைக்கு என்ன மரியாதை? அவன் அதைச் சொல்லவில்லை. "தெனம் ரேடியோவுல வருதேக்கா. அதுக்கு மேல என்ன தாளு? நாத்து பறிக்கிற வேலையப் பாரு" என்றான். அவளுக்குத் தம்பி சொன்னால் வேதவாக்கு. மறுநாள் லாரி மதகடியில் நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் நாற்றங்காலில் குனிந்திருந்தாள்.

ஆடி மாதம், குத்தகைக்காரர்கள் நிலத்தை விட்டு இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நடுக்கண்டத்தில் குறுவை நட்டு இருபது நாள், பயிர் அப்போதுதான் வேர் பிடித்துப் பச்சை ஏறியிருந்தது. முப்பத்தேழு பேரும் செல்லத்துரையை முன்னால் விட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போனார்கள். எங்கள் பேர் தினமும் ரேடியோவில் வருகிறதே என்றார்கள். அதிகாரி கெட்டவரில்லை, கேலிகூடச் செய்யவில்லை. "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "மனுவாவது குடுத்தீங்களா?" இல்லை. "காலம் முடிஞ்சுபோச்சேப்பா" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டு, அடுத்த காகிதக் கட்டைப் பிரித்தார். திரும்புகிற பஸ்ஸில் ராமாயி, "பரவால்லடா, வுடு" என்று தம்பியின் முதுகைத் தடவினாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, நட்ட பயிரை மடக்கி உழ வெளியூர் ஆட்கள் ஆறு ஏர் பூட்டிக்கொண்டு வந்தார்கள். ராமாயி வயலுக்கு நடுவில் முழங்கால் சேற்றில் போய் நின்றாள். "வெளைஞ்சதும் அறுத்துக்கிட்டுப் போங்கய்யா, பச்சையில மிதிக்காதீங்க" என்று கும்பிட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒருவன் நுகத்தடியைக் கழற்றி அடித்தான். பயிரின் மேலேயே விழுந்தாள். வில்வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் விடிந்தபோது போய்விட்டாள். கேஸ் நடந்தது. பார்த்தவர்கள் அறுபது பேர். கோர்ட்டில் பார்த்ததாகச் சொன்னவர் எவரும் இல்லை. மிராசுதார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று அவரே சொன்னார். கோர்ட்டில் தவளை கிடையாது. முப்பத்தேழு குடும்பத்தில் பாதி, தாங்கள் உழுத நிலத்திலேயே கூலிக்கு இறங்கியது. மீதி, சட்டி பானையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போயிற்று.

செல்லத்துரை ரேடியோ அறைப் பக்கமே போகவில்லை. அது அவன் போடாமலே ஆறு மணிக்குப் பேசியது. நடுக்கண்டம், எட்டு மா, ராமாயி சொல்றேன். பிணம் சுடுகாட்டுப் பாதையில் போன அன்றும் சொன்னது. ஊர் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் பெரிய தண்டனை. எல்லையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கடலுக்குப் போவச் சொன்னவனா அலையக் கொண்டாந்தான்? ஒம்மேல தப்பு இல்லடா" என்றாள். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு அவன் ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்தான். அது ஒரு தரம் சொல்லிவிட்டால் தூங்கலாம் என்று நினைத்தான். "எம்மேல தப்பு இல்ல. எல்லாரும் நம்புனாங்க, நானும் நம்புனேன்" என்றான்.

ஆறு மணிக்குக் கிழக்குத் தெரு வாசலுக்கு வந்து நின்றது. ராமாயி பேசி முடித்தாள். அடுத்தது தவளை. பத்து எண்ணுகிற நேரம் கத்தியது, நின்றது, பிறகு மற்ற முப்பத்தாறு பேர் நிலம் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எல்லையம்மாள் அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வாசலில் படுத்திருந்தாள், அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று. அவன் ஒன்றும் செய்துகொள்ளவில்லை.

மறுநாளும் அதே இடத்தில் தவளை கத்தியது. சாகுபடி நேரத்தில் சேர்ந்தது எதையும் ரேடியோ விடுவதில்லை அல்லவா?

ஐப்பசியில் ஜீப் வந்தது. ரேடியோவுக்கு லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்கள். கரண்ட் இல்லாத ரேடியோவுக்கு யார் லைசென்ஸ் கட்டுவார்கள்? பெட்டியைப் பறிமுதல் செய்து, சாக்குத் துணி சுற்றி, சீட்டுக் கட்டி, தாலுகா கச்சேரி ரிக்கார்டு ரூமில் கொண்டுபோய் வைத்தார்கள். பெருங்கோரைக் குழாய் அன்றோடு ஓய்ந்தது. அதற்குள் மைனா கூடு கட்டியது. ஆறு மணிக்கு ரிக்கார்டு ரூமில் சாக்குக்குள்ளிருந்து, நடுக்கண்டம், எட்டு மா என்று ஆரம்பித்தது. ரிக்கார்டு கிளார்க் கலியபெருமாள் முதல் நாள் பயந்துபோய்த் திருநீறு பூசிக்கொண்டார். இரண்டாம் நாள் மேலிடத்துக்கு எழுதினார். இதற்கு விதிமுறை இல்லை, உள்ளபடியே பாதுகாக்கவும் என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. உள்ளபடியே பாதுகாத்தார்கள். கட்சி உடைந்தது, ஆட்சி கலைந்தது, வேறு ஆட்சி வந்தது, ஒன்பது தாசில்தார்கள் மாறினார்கள். வந்தவர்களெல்லாம் முதல் வாரம் சாயங்காலத்தில் திடுக்கிட்டார்கள், இரண்டாம் வாரம் ஐந்தே முக்காலுக்கே வீட்டுக்குப் போகப் பழகினார்கள்.

செல்லத்துரை அந்த டவுனில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போனான். தினமும் ஐந்தரைக்குத் தவிட்டைக் கழுவிக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கச்சேரிக்குப் பின்புறம் பூவரச மரத்தடியில் ரிக்கார்டு ரூம் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பான். அக்கா பேசுவாள். பிறகு தவளை. அது கத்தி ஓய்கிற வரைக்கும் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போவான். பதினோரு வருஷம். மழை நாளில் குளத்துத் தவளைகளும் சேர்ந்துகொள்ளும். எது எது என்று அவனுக்குத் தெரியும்.

ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது கலியபெருமாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கேட்டார். "யாருய்யா நீ? தெனம் வந்து நிக்கிறியே, ஒனக்கு இதுல எந்த நெலம்?"

"நெலம் எதுவும் இல்லீங்க" என்றான் செல்லத்துரை. "அந்தத் தவள நாந்தாங்க."

பதினோரு வருஷமாகக் கலியபெருமாளும் அந்தத் தவளையைக் கேட்டவர்தான். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "உள்ள வா" என்றார். விதிமுறையில் அதற்கும் இடமில்லை. சாக்கை அவரே விலக்கிவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். செல்லத்துரை பெட்டியின் முன்னால் மண்டியிட்டான். பிறகு சொன்னான், ரேடியோக்காரன் குரலில் இல்லை, தம்பிக் குரலில்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரியில் கலியபெருமாள் இருந்தார், வாட்ச்மேன் இருந்தான், பூவரசடியில் செல்லத்துரை இருந்தான். ராமாயி தன் நாலு எல்லையையும் சொன்னாள். மாமனாரைச் சொன்னாள், புருஷனைச் சொன்னாள், ராமாயி சொல்றேன் என்றாள். அடுத்தது தவளை கத்த வேண்டிய இடம். "அக்கா தாளு குடுக்கப் போறேன்னுச்சு. ஊருல எம் மரியாத போயிடும்னு நாந்தான் தடுத்தேன். செல்லத்துரை சொல்றேன்" என்று வந்தது. வார்த்தைக்கு வார்த்தை தெளிவாக, இருமல்கூட இல்லாமல் வந்தது. மரத்தடியில் அவன் தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழாததையும் சுடுகாட்டில் அழாததையும் சேர்த்து அழுதான். மற்ற முப்பத்தாறு நிலமும் ஒவ்வொன்றாக வந்து முடிகிற வரைக்கும் அழுதான்.

நிலம் வரவில்லை. நடுக்கண்டத்தில் அந்த வருஷக் குறுவையையும் குஞ்சிதபாதத்தின் மகன்தான் அறுத்தான். கலியபெருமாள் ஓய்வு பெறுகிற அன்று, பொறுப்பு ஒப்படைக்கிற தாளில், ரேடியோப் பெட்டி ஒன்று, லைசென்ஸ் இல்லை, தவளைச் சத்தம் நின்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு கச்சேரி புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அந்தப் பெட்டியும் கட்டுகளோடு கட்டாக மாறியது. ஆறு மணிக்கு அக்கா பேசுகிறாள், அவளுக்குப் பின்னால் தம்பி பேசுகிறான், பிறகு மற்றவர்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் வாட்ச்மேன் ஜன்னலைச் சாத்துகிறான்.